“இடமாற்றம் பெற்றுச் சென்றார்”: அதிபர்களின் பாராட்டு மலர்களை வாசித்தல்

என் வீட்டு அலுமாரியில் இருபத்தேழு மலர்கள் இருக்கின்றன. மணிவிழா மலர், சேவை நலன் பாராட்டு மலர், பிரியாவிடை மலர், நினைவு மலர் என்று பெயர்தான் வேறு. எல்லாமே நம்முடைய பாடசாலை அதிபர்களைப் பற்றியவை. இரண்டு மூன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். மற்றவை விழா மண்டபத்தில் சிற்றுண்டிப் பொதியோடு சேர்த்துக் கையில் தரப்பட்டவை. அவற்றுள் ஒன்றின் மலர்க்குழுவில் நானும் இருந்தேன். அந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் சில வருடங்களாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுத்து எழுதினால் ஒரு மனிதர்மீது பழி போடுவது போலாகிவிடும் என்பதால், போன டிசம்பர் விடுமுறையில் மற்ற இருபத்தாறையும் எடுத்து ஆற அமர வாசித்தேன்.

இருநூறு பிரதி அச்சடித்து நூறு பிரதி வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற கவிதைத் தொகுதிக்கு நாம் விமர்சனக் கூட்டம் வைக்கிறோம். ஆனால் நம்முடைய ஊர்களில் ஆயிரம் பிரதி அடித்து, முக்கால்வாசி வீடுகளுக்கும் போய்ச் சேர்கிற இந்த மலர்களை யாரும் இலக்கியமாக எடுத்துப் பேசுவதில்லை. பல கிராமங்களைப் பொறுத்தவரை அந்தக் கிராமத்தைப் பற்றி அச்சில் வந்த ஒரேயொரு எழுத்து, அங்கு கடமையாற்றிய ஓர் அதிபரின் மலரில் வரும் இரண்டு பந்திதான். அப்படியான எழுத்தை விமர்சனம் தொடாமல் விடுவது சரியில்லை.

மலரின் அமைப்பை வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதலில் ஆசிச் செய்திகள்: அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், பெரிய பள்ளிவாசல் தலைவர், பழைய மாணவர் சங்கச் செயலாளர். இவற்றில் பலதை ஒரே ஆள்தான் இருந்து எழுதியிருப்பார் என்பது மலர்க்குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு வாழ்த்துப்பாக்கள். பிறகு நாயகரின் வாழ்க்கைக் குறிப்பு. பிறகு சக ஆசிரியர்களின் “நான் கண்ட பெருந்தகை” வகைக் கட்டுரைகள். கடைசியில் அரிசி ஆலை, ஹாட்வெயார், துணிக்கடை விளம்பரங்கள். நடுவில் பளபளக்கும் தாளில் பொன்னாடைப் படங்கள்.

இந்த அமைப்பில் எனக்குக் குறையில்லை. பாட்டுடைத் தலைவனைப் போற்றுவது தமிழுக்குப் பழைய காரியம். தொல்காப்பியம் பாடாண் என்று அதற்கொரு திணையே வைத்திருக்கிறது. நாம் முஸ்லிம்களும் மாலைகளும் புராணங்களும் பாடியவர்கள்தான். ஓய்வு பெறுகிற ஒரு மனிதருக்கு ஊர் கூடி நன்றி சொல்லும் நாளில் அவருடைய குறைகளை எண்ணிக் காட்டு என்று நான் கேட்கவில்லை. என் பிரச்சினை நடுவில் வரும் வாழ்க்கைக் குறிப்பில்தான் தொடங்குகிறது. அது பாட்டில்லை. வரலாறு என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இருபத்தேழு வாழ்க்கைக் குறிப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தபோது கையில் பென்சிலோடு வினைச்சொற்களின் கீழ்க் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். தமிழ் சிறப்புக் கற்கையில் வந்த பழக்கம், விடாது. அதிகம் கோடு விழுந்த சொல் “பெற்றார்.” பட்டம் பெற்றார், நியமனம் பெற்றார், பதவி உயர்வு பெற்றார், பரிசு பெற்றார், இடமாற்றம் பெற்றார், ஓய்வு பெற்றார். மழை பெய்வது போல எல்லாம் மேலிருந்து வந்து விழுகிறது. மனிதர் கையேந்திப் பெறுகிறார். இவற்றிலே “இடமாற்றம் பெற்றுச் சென்றார்” என்பது இருக்கிறதே, அது ஒரு முழு நாவலை மூடி வைத்திருக்கிற தொடர். இடமாற்றம் அவர் கேட்டு வாங்கியதா? வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கொடுத்ததா? அரசியல்வாதி ஒருவரோடு முரண்பட்டு ஒரே இரவில் வந்த கடிதமா? ஊர் இரண்டுபட்டு, ஒரு பகுதி மகஜர் எழுதிக் கலைத்ததா? பெரிய பாடசாலை கிடைத்த சந்தோசத்தில் போனாரா? நம் நாட்டில் ஓர் அதிபருடைய வாழ்க்கையில் நடக்கிற மிகப் பெரிய சம்பவம் இடமாற்றம். அதைத்தான் இந்த எழுத்து ஒரு எச்சமும் ஒரு முற்றுமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறது.

இன்னொன்று. மாணவர் இந்தக் குறிப்புகளில் எழுவாயாக வருவதே அபூர்வம். “மாணவரை வழிநடத்தினார்”, “மாணவர் தொகையை அதிகரித்தார்” என்று செயப்படுபொருளாக வருவார்கள். ஒரு பிள்ளை தானாக ஒன்றைச் செய்தது, சொன்னது, வராமல் விட்டது என்று ஒரு வசனம் தேடினேன். இருபத்தேழிலும் மூன்றோ நான்கோ கிடைத்தன. அதற்கு மாறாக, கட்டடங்கள் நன்றாக உயிரோடு இருக்கின்றன. இரண்டு மாடிக் கட்டடம் “எழுந்து நிற்கிறது”, நுழைவாயில் “வரவேற்கிறது”, ஆய்வுகூடம் “பறைசாற்றுகிறது.”

இந்த எழுத்துக்கு இப்படியொரு அச்சு எங்கிருந்து வந்தது? மலர்களை ஒரு பக்கமும் என்னுடைய சொந்தக் கோவையை மறு பக்கமும் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. இது அதிபர் சேவையின் நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகிற சுயவிபரப் படிவம். பிறந்த திகதி, கல்வித் தகைமை, முதல் நியமனம், கடமையாற்றிய பாடசாலைகள், சேவைக் காலம், விசேட திறமைகள். அதே ஒழுங்கு, அதே இடைவெளிகள். புள்ளி கிடைக்கக்கூடியவை படிவத்தில் இருக்கின்றன. புள்ளி கிடைக்காதவை மலரிலும் இல்லை.

அதனால் இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த எழுத்தை விமர்சிக்க முடியாது. நம் நாட்டுப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளது 1ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பது 1சி. ஒலெவலோடு நிற்பது வகை 2. ஆரம்ப வகுப்புகளோடோ எட்டாம் தரத்தோடோ முடிந்துபோவது வகை 3. 13ஆவது திருத்தம் 1987இல் வந்த பின்னர் மாகாணப் பாடசாலை, தேசியப் பாடசாலை என்று இன்னொரு பிரிப்பும் சேர்ந்துகொண்டது. அதிபர் சேவைக்கும் தரங்கள் உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. ஆசிரியர் ஒருவர் போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகம் முடித்து, மூன்றாந் தரத்தில் நுழைவார். அநேகமாக ஒரு சின்னப் பாடசாலை கிடைக்கும். அங்கே சில வருடம் தாக்குப் பிடித்தால் அடுத்தது வகை 2, அதற்கடுத்து 1சி, அதிர்ஷ்டமும் ஆளும் இருந்தால் டவுன் பாடசாலை. இல்லையென்றால் கல்வி நிர்வாக சேவைப் பரீட்சை எழுதி வலயக் காரியாலயத்துக்கு ஏறிவிடலாம். அங்கே போனால் பிள்ளைகளின் சத்தமே காதில் விழாது.

இதில் தப்பு ஒன்றும் இல்லைப் போலத்தான் தெரியும். அனுபவம் கூடக் கூடப் பொறுப்பும் கூட வேண்டும் என்பது நியாயம்தானே. ஆனால் ஏணியைக் கீழிருந்து பாருங்கள். கீழ்ப்படியில் நிற்பது யார்? தோட்டத்துப் பிள்ளை, கடற்கரைப் பிள்ளை, வட்டைக்குள் வாடி கட்டிக் குடியிருக்கிற குடும்பத்துப் பிள்ளை. ஒரு பாடசாலையின் கோணல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஓர் அதிபருக்கு இரண்டு வருடம் வேண்டும். கண்டுபிடித்து நிமிர்த்தத் தொடங்குகிற நேரத்தில் அவருக்கு அடுத்த படிக்கான தகுதி வந்துவிடுகிறது. அவர் போகாவிட்டால் “மனிசனுக்கு முன்னேற விருப்பமில்ல” என்று நாமே சொல்வோம். அவர் போன பின்னால் மாதக் கணக்கில், சில இடங்களில் வருடக் கணக்கில், பதில் கடமைக்கு ஒருவர் இருப்பார். கையெழுத்துப் போடுவார். திட்டம் என்று எதையும் தொடங்கமாட்டார். தொடங்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

மலரிலோ இந்தச் சின்னப் பாடசாலை ஒரு வினையெச்சம். “அங்கு ஈராண்டுகள் கடமையாற்றி” என்று வரும். முற்றுவினை எப்போதும் பெரிய பாடசாலைக்குரியது.

ஊர் அதிபர்களை விட்டுவிட்டு நாடறிந்த அதிபர்களுக்கு வருவோம். அங்கேயாவது நம் எழுத்து வேறு மாதிரி நடந்துகொள்கிறதா?

டீ.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ், பதியுத்தீன் மஹ்மூத். மூவருமே அதிபர்களாக இருந்தவர்கள். மூவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது நமது மேடை வழக்கம். “சமூகத்தின் கல்விக் கண்ணைத் திறந்தவர்கள்” என்று ஒரு வசனத்தில் மூவரையும் கட்டிவிடுவோம். ஆனால் இந்த மூவரும் நடந்த பாதைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஜாயா 1890இல் கலகெதரவில் பிறந்த மலாய் இனத்தவர். ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1921இல் கொழும்பு ஸாஹிறாவுக்கு அதிபராக வந்தார். 1947 வரை அங்கேயே இருந்தார். இருபத்தாறு வருடம்! இடையில் சட்ட நிரூபண சபைக்குப் போனார், அரசியல் பேசினார். ஆனாலும் அதிபர் கதிரையை விடவில்லை. கம்பளை, அளுத்கமை போன்ற ஊர்களில் ஸாஹிறாவின் கிளைகள் எழுந்ததும் அவர் காலத்தில்தான். சுதந்திர காலத்து முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானபோதுதான் பாடசாலையை விட்டார். அவருடையது நின்ற பாதை. இன்றைய சேவைப் பிரமாணத்தில் இருபத்தாறு வருடம் ஒரே பாடசாலையில் நின்ற அதிபருக்கு என்ன பெயர் வைப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

அஸீஸ் மேலிருந்து கீழே இறங்கி வந்தவர். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு படி சுதேசி ஒருவருக்கு இல்லை. யுத்த காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேலையாகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். இங்குதான் விபுலானந்த அடிகளோடு நெருக்கம், இங்குதான் முஸ்லிம் கல்விச் சங்க முயற்சி. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஜாயாவின் இடத்துக்கு, ஒரு பாடசாலைக்கு, வந்து அமர்ந்தார். 1961 வரை பதின்மூன்று வருடம்.

இதைப் பற்றி நம்மவர் எழுதும்போது ஒரே சொல்லில் முடிப்பார்கள்: தியாகம். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு வழக்கு இருக்கிறது. தியாகம் என்று சொன்னவுடன் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் மரியாதைக் குறைவு. முப்பத்தாறு வயதில் சிவில் சேவையை விடுகிறவர் கணக்குப் பார்க்காமலா விட்டிருப்பார்? என் ஊகம் இது: புலமைப்பரிசில் கொடுக்கும் நிதியொன்றைத் தொடங்கியவருக்கு, அதைப் பெறுவதற்குத் தகுதியாக வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது மற்ற எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருக்கும். காசை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேடுகிற நிலைமை. அப்படியானால் பிள்ளையை உருவாக்குகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். இப்படி நினைத்தால் அது தியாகமில்லை, திட்டம். திட்டம் என்றால் நாமும் படிக்கலாம். தியாகம் என்றால் கும்பிடத்தான் முடியும், கும்பிடுவதும் நமக்கு ஆகாது.

அவர் பாடசாலைக்கு ஆசிரியர்களைச் சேர்த்த விதத்தையும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிறாவில் மாணவராக இருந்து பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அது எப்படி நடந்தது, ஒரு முஸ்லிம் பாடசாலை இன மதம் பாராமல் ஆற்றலைத் தேடிப் பிடிக்க என்ன துணிவு வேண்டியிருந்தது, அதற்கு உள்வீட்டில் யார் முகம் சுளித்தார்கள் என்பது நமது பெருமைக்குள் வருவதில்லை. 1961இல் அவர் விலகியதையும் நான் வாசித்த மேடைப் பேச்சுகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரு வரியில் கடக்கின்றன. அரசு உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டங்கள் வந்தது 1960லும் 1961லும். ஒரு தனியார் நிருவாகப் பாடசாலையின் அதிபருக்கு அது என்ன காலமாக இருந்திருக்கும்! நம் எழுத்தில் அவர் அந்த வருடம் வெறுமனே “ஓய்வு பெறுகிறார்.”

அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர்தான் மூன்றாமவர். கம்பளை ஸாஹிறாவின் அதிபராக இருந்து, 1960இல் கல்வி அமைச்சராகி, மறுபடி 1970 முதல் 1977 வரை அதே அமைச்சில் இருந்தவர் பதியுத்தீன் மஹ்மூத். அவருடையது பாடசாலையிலிருந்து மேலே போன பாதை. அஸீஸ் அரசாங்கத்தை விட்டுப் பாடசாலைக்கு வந்தார். பதியுத்தீன் பாடசாலையை விட்டு அரசாங்கத்துக்குப் போனார். ஒருவர் ஒரு பாடசாலையை உயர்த்தப் பார்த்தார், மற்றவர் எல்லாப் பாடசாலைகளையும் ஒரே கையெழுத்தில் மாற்றப் பார்த்தார். கிழக்கில் என் வாப்பா தலைமுறையில் ஆசிரிய நியமனம் பெற்ற பலர் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் அதை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பிறகு மாவட்ட அடிப்படை வந்தபோது பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் உள்ளே போனார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசிய ஒரு பாராட்டு எழுத்தை நான் நம்மவரிடத்தில் காணவில்லை. ஒரு பாதியை நாம் எழுதுகிறோம். மறு பாதியை மற்றவர்கள் எழுதுகிறார்கள்.

பெண் அதிபர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நானும் மலர்க்குழுக்காரன்தான். இருபத்தேழு மலர்களில் பெண்கள் நால்வருக்கு உரியவை. அந்த நான்கிலும் நாயகி “வீட்டையும் பாடசாலையையும் ஒருங்கே பேணிய பெருமாட்டி.” ஆண் அதிபர் எவரும் வீட்டைப் பேணினாரா என்று ஒரு மலரிலும் இல்லை. இவ்வளவுக்கும், கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல் தொடங்கியபோது அதற்கு முதல் அதிபராக வாய்த்தவர் ஆயிஷா ரவூப். கேரளத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு இங்கு வந்தவர். பாடசாலையை நடத்திக்கொண்டே கொழும்பு மாநகர சபைக்குப் போட்டியிட்டு, பிரதி மேயராகவும் இருந்தார். ஒரு முஸ்லிம் பெண் மேடை ஏறினாலே பேச்சு வரும் காலம் அது. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோரிடம் அவர் எப்படிப் பேசினார், எந்த வகுப்போடு எத்தனை பிள்ளை நின்றது என்று விரிவாக எழுதப்பட்டிருந்தால், இன்று பின்தங்கிய ஊருக்கு அதிபராகப் போகிற ஒரு தங்கச்சிக்கு அது எவ்வளவு உதவும்!

எனக்கு ஒரு மௌலவி நண்பர் இருக்கிறார், ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். இதையெல்லாம் சொன்னபோது, “சேர், இது கீபத்தில்லையா? மனிசன்ட குறையை ஏன் தோண்டுறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள், இன்னார் நம்பகமானவர், இன்னாருக்கு முதுமையில் நினைவு தடுமாறியது, இன்னார் இன்ன ஊருக்குப் போன பின் அறிவித்தவற்றில் கவனம் தேவை என்றெல்லாம் பதிவு செய்தார்கள். ஜர்ஹ், தஃதீல் என்று அதற்கொரு துறையே வளர்ந்தது. அந்த மனிதர்கள்மீது அவர்களுக்கு வெறுப்பில்லை. பின்னால் வருபவர் எதை நம்பி எடுக்கலாம் என்ற பொறுப்பு அது. தமிழ்ப் பக்கத்திலும் இதே ஒழுக்கம் இருந்தது. நன்னூல் நல்லாசிரியருக்கு இலக்கணம் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஆசிரியராகத் தகாதவரையும் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமை வைத்துக் காட்டியது. ஒருவன் தண்ணீர் வார்க்க, வேலிக்கு வெளியே வளைந்து வேறொருவனுக்குக் காய் தருகிற அந்த முடத்தெங்கை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் விளக்கும்போது, சின்னப் பாடசாலையில் வேலை பழகிவிட்டு டவுன் பாடசாலையில் காய்க்கிற நமது ஏணிதான் ஞாபகம் வருகிறது. மௌலவி சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்பது தெரியாது.

இனி, நான் இருந்த மலர்க்குழு.

நாயகர் என்னோடு ஒன்பது வருடம் அதிபராக இருந்தவர். ஒரு 1ஏபி பாடசாலை. கண்டிப்பானவர், நேரம் தவறாதவர், கை சுத்தம். இதில் எதையும் நான் மறுக்க வரவில்லை. அவர் காலத்தில் ஒலெவல் சித்தி வீதம் வருடா வருடம் ஏறியது. மலரில் அதை வரைபடமாகப் போட்டோம், ஏறுகிற கோடு, பச்சை மையில். நான் எழுதிய கட்டுரையிலும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு பந்தி உண்டு.

அந்தப் பந்தியில் நான் எழுதாமல் விட்டது இது. ஒரு வருடம், சோதனை விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னர், பதினோராம் தரத்தில் பலவீனமான பதினொரு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. பிள்ளை அடுத்த வருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவது நல்லது என்று ஆலோசனை. ஆலோசனை என்றுதான் எழுதியிருந்தது. நான் வகுப்பாசிரியர். கடிதங்களைக் கொடுத்தது என் கை. ஒரு பிள்ளையின் வாப்பா, மேசன் வேலை செய்கிறவர், கையில் சீமெந்து காயாமலே வந்து என்னைக் கூப்பிட்டார். “சேர், புள்ள பள்ளிக்கூடத்தால எழுதினா என்ன குத்தம்?” என்று கேட்டார். அதிபர் எனக்குச் சொல்லித் தந்த பதிலை அப்படியே ஒப்புவித்தேன்: பிள்ளைக்கு ஒரு வருடம் கூடக் கிடைக்கும், நல்லாப் படிக்கலாம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை பிறகு சோதனை எழுதியதா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. பச்சைக் கோட்டின் அந்த வருடத்துப் புள்ளியில் அந்தப் பதினொரு பேரும் இல்லை.

இது நம் பாடசாலையில் மட்டும் நடந்ததென்று நான் நினைக்கவில்லை. வலயத்தில் கூட்டம் வைத்து, எல்லா அதிபர்களையும் வரிசையாக இருத்தி, சித்தி வீதத்தைத் திரையில் காட்டி எழுப்பிக் கேள்வி கேட்கிற முறை இருக்கும் வரைக்கும் இப்படியான கடிதங்களும் இருக்கும்.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. மலருக்கு ஆக்கங்கள் வந்துகொண்டிருந்த நாட்களில் ஓர் அரைப் பக்கம், கொப்பித் தாளில் கையெழுத்தாக வந்தது. எழுதியவர் ஓர் ஓட்டோக்காரர். எங்கள் அதிபர் பல வருடத்துக்கு முன்னர், புதிதாக அதிபர் சேவைக்கு வந்த காலத்தில், மூன்று வருடம் இருந்த ஒரு வகை 3 பாடசாலையின் பழைய மாணவர். வாழ்க்கைக் குறிப்பில் அந்தப் பாடசாலைக்கு நாங்கள் கொடுத்தது “கடமையாற்றி” என்ற ஒரு சொல்.

அரைப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். வெள்ளாமை வெட்டுக் காலம் வந்தால் அந்த ஊர்ப் பொடியன்கள் வாப்பாமாரோடு வட்டைக்குப் போய் வாடியிலேயே தங்கிவிடுவார்கள். ஒரு மாதம் போனால் பிறகு பாடசாலைக்கு வர வெட்கம், அப்படியே நின்றுவிடுவார்கள். சேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வட்டைக்கு வந்தார். ஏசவில்லை. வாடியில் இருந்து கருவாட்டுக் கறியோடு பகல் சாப்பாடு சாப்பிட்டார். வெட்டு முடியும் வரை பாடசாலையைக் காலையில் ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கலாம், பத்து மணிக்கு வேலைக்குப் போகிறவன் போகலாம் என்று வாப்பாமாரோடு பேசி முடித்தார். பாடசாலையில் மணிக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தன் கையாலேயே அடித்தார், வட்டை வரைக்கும் கேட்கும்படி. ஏழு பேர் திரும்பி வந்தோம்.

பலவீனமான பிள்ளையைச் சைக்கிளில் தேடிப் போனவரும், பலவீனமான பிள்ளைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியவரும் ஒரே மனிதர். எங்கள் மலரில் எழுதத் தகுந்த கதை இதுதான். மனிதர் கெட்டுப் போனார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சின்னப் பாடசாலையில் அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவர் பிள்ளைகளை எண்ணினார். ஏணியில் ஏறிய பிறகு எண்ணுவதற்கு வேறு எண்கள் கொடுக்கப்பட்டன. இதை அவரிடமே கேட்டிருந்தால் ஒருவேளை மனம் திறந்து பேசியிருப்பார். வயதான பிறகு மனிதர்கள் பேச விரும்புகிறார்கள். நாங்கள் போய் ஆசிச் செய்திக்குப் படம் கேட்டோம்.

ஓட்டோக்காரரின் அரைப் பக்கத்தை மலரில் போடத்தான் செய்தோம். 142ஆம் பக்கம், ஹாட்வெயார் விளம்பரத்துக்கு எதிரே. எழுத்துப் பிழைகளை நான் திருத்தினேன். “சைக்கிளில் வந்தார்” என்பதை “வருகை தந்தார்” என்று மாற்றியதும் நான்தான். கடைசி வரி ஒன்று இருந்தது. குழுவில் ஒருவர், நல்ல நாளில் இது எதற்கு என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். நானும் ஒன்றும் பேசாமல் சிவப்புக் கோடு போட்டேன். கொப்பித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வரி அவருடைய எழுத்திலேயே:

“சேர் மாத்தலாகிப் போன மறு வருசம் நானும் படிப்ப விட்டுட்டன், மணி அடிக்க ஆள் இல்ல.”